கையோடு கொண்டு போகும் உலர்த்தி: புகையிலைக்காரரிடம் எடுக்க வேண்டியதும் விட வேண்டியதும்

(அடுக்கம் பகுதிக் குழுக்களின் கூட்டத்தில் கூட்டமைப்பின் பயிற்சிக் குழு சார்பில் ஆற்றிய உரை)



குழுக்கூட்டத்துக்கு நாங்கள் போகும்போதெல்லாம் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு பேச்சு எழும். "காப்பிப் பழம் எடுத்தாச்சு, காயப் போட வெயில் இல்லை." "மிளகைப் பறிச்சு வச்சிருக்கோம், மூட்டம் விலகவே இல்லை." கடைசியில் என்ன நடக்கிறது? பச்சையாகவே வியாபாரியிடம் எடை போட்டுவிடுகிறோம். அவர் சொன்ன விலைதான் விலை. நம் மலையில் விளைந்த பொருளைக் கீழே கொண்டுபோய் வேறொருவர் காயவைத்து, நாம் வாங்க வேண்டிய காசை அவர் வாங்குகிறார்.

இதற்கு ஒரு வழி, ஊருக்கு ஊர் தூக்கிப் போகக்கூடிய உலர்த்தி. கூட்டமைப்பு நிதியில் அப்படி ஒன்று வாங்கலாமா என்று பல குழுக்கள் கேட்டிருக்கின்றன. வாங்குவதற்கு முன்னால் விவரம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

புகையிலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

உலர்த்தி பற்றிப் பேச வந்துவிட்டுப் புகையிலையை ஏன் இழுக்கிறோம் என்று நினைக்காதீங்க. விளைந்த பொருளின் ஈரத்தை எடுக்கும் வித்தையை மிக நுணுக்கமாகக் கற்றவர்கள் புகையிலைக்காரர்கள். அதிலும் நம் மாவட்டம் புகையிலைக்குப் பேர்போனது. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து போனது. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. வேடசந்தூரில் 1948லேயே புகையிலைக்கு என்று ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்தது. மலைக்குக் கீழே நம் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் அந்த வேலையில் கை கறுத்தவர்கள்.

பச்சைப் புகையிலையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை எடுக்கும் வேலையைப் பதப்படுத்துவது, பாடம் போடுவது என்று சொல்வார்கள். அதில் சில விதங்கள் இருக்கின்றன.

1. வெயிலில் காயவைப்பது. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் மெல்லும் புகையிலைக்கு இதுதான் வழக்கம். செடியோடு வெட்டி, வாடவிட்டு, கம்பில் தொங்கவிட்டு, பிறகு அம்பாரமாக அடுக்கிப் பக்குவம் பண்ணுவார்கள்.

2. நிழலில், காற்றோட்டத்தில் காயவைப்பது. சுருட்டு இலைக்கு இது ஏற்றது.

3. புகை போடுவது. யாழ்ப்பாணத்தில் குடிலுக்குள் இலையைத் தொங்கவிட்டுத் தேங்காய் மட்டை, உரிமட்டையை எரித்துப் புகை காட்டுவார்கள். அந்த இலை ஒரு காலத்தில் கப்பலேறித் திருவிதாங்கூருக்கு வந்தது.

4. குழாய் வழியே சூடு கொடுப்பது. ஆந்திராவிலும் மைசூர்ப் பக்கமும் சிகரெட் புகையிலைக்கு இந்த முறை. உயரமான கொட்டகைக்குள் இலை தொங்கும். வெளியே அடுப்பு எரியும். தகரக் குழாய் கொட்டகைக்குள் ஓடிச் சூடு பரப்பும். புகை இலையில் படாமல் வெளியேறிவிடும்.

இந்த நாலாவது முறையைக் கேட்டதும் போடிப் பக்கம் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன அக்காமார்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். ஏலக்காய் ஸ்டோர்! அதுவும் இதே ஏற்பாடுதான். வெளியே அடுப்பு, உள்ளே குழாய், மேலே தட்டுகளில் ஏலக்காய். நம் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டிச் சேமிப்பது மூன்றாவது முறைக்குச் சொந்தம். ஆக, வித்தை நமக்குப் புதிது இல்லை.

சூட்டைக் கட்டுப்படுத்துவதுதான் வித்தை

அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒரு கதை சொல்வார்கள். 1839ல் ஸ்டீபன் ஸ்லேட் என்ற கறுப்பின இளைஞர் ஒரு பண்ணையில் அடிமையாக இருந்தார். கொல்லு வேலை தெரிந்தவர். புகையிலைக் கொட்டகையில் இரவெல்லாம் தீ காக்கும் வேலை அவருக்கு. அசந்து தூங்கிவிட்டார். எழுந்து பார்த்தால் தீ அணையப் போகிறது. பதறிப்போய்க் கொல்லுப் பட்டறைக் கரியை அள்ளி வந்து போட்டார். கரியின் சூடு ஒரே சீராக ஏறியது. இலை பொன் மஞ்சளாக வந்தது, சந்தையில் நல்ல விலைக்கும் போனது. அதற்குப் பிறகு அந்த வட்டாரமே மஞ்சள் இலைக்கு மாறியது. லாபம் பண்ணைக்காரருக்கு, ராத்திரிக் கண்விழிப்பு அந்த அடிமைக்கு. இதையும் நாம் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இலையைப் பொசுக்கிவிட்டால் காய்ந்ததாக ஆகிவிடாது. முதலில் 35 டிகிரி அளவில் மஞ்சளாக்கி, பிறகு 50 டிகிரிக்கு மேல் ஏற்றி இலையைக் காயவைத்து, கடைசியில் 70 டிகிரி அளவில் நடுநரம்பைக் காயவைப்பார்கள். அவசரப்பட்டு முதலிலேயே சூடு ஏற்றினால் இலை பச்சையாகவே நின்றுவிடும்.

அடுத்து வந்ததுதான் நகரும் கொட்டகை. 1950களில் வட கரோலினா மாநிலக் கல்லூரிப் பொறியாளர்கள், இலையை நெருக்கமாக அடுக்கி, விசிறி வைத்து அடியிலிருந்து சூடான காற்றை ஊதும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1960 முதல் அது விற்பனைக்கு வந்தது. பெரிய தகரப் பெட்டி மாதிரி இருக்கும். கட்டடம் கட்ட வேண்டாம், லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வயலோரம் இறக்கலாம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் மூன்று. சூடு அளவாக இருக்க வேண்டும். காற்று ஓட வேண்டும். புகை பொருளில் படக்கூடாது.

காய்வது என்றால் என்ன?

ஈரத்துணியை அடுப்படியில் கதவைச் சாத்திப் போட்டால் காயுமா? புழுங்கிப்போய் நாற்றம்தான் வரும். ஈரக்காற்று வெளியே போனால்தான் துணி காயும். பொருளும் அப்படித்தான்.

மூட்டம் போட்ட நாளில் காற்று ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்திருக்கிறது. அதற்கு மேல் குடிக்காது. அதே காற்றை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் நூற்றிலிருந்து ஏறத்தாழ முப்பதாக இறங்கிவிடும். மறுபடியும் தாகம் எடுத்துவிடும் என்று வச்சுக்கோங்க. உலர்த்தி செய்யும் வேலை முழுவதும் இதுதான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் சுமார் 33 கிலோ வரும். அப்படியென்றால் 67 கிலோ தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். இதை மின்சாரத்தில் மட்டும் செய்தால் குறைந்தது 45 யூனிட் ஆகும். சூடு வீணாவதையும் சேர்த்தால் அதைவிடக் கூடுதல். விறகில் செய்தால், நல்ல அடுப்பாக இருந்தாலும் 40 முதல் 60 கிலோ விறகு வேண்டும். வெயில் பெட்டியில் செய்தால், நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் தட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் போகும். அதாவது 12 சதுர மீட்டர் பரப்பு இருந்தால் மூன்று, மூன்றரை நாள் பிடிக்கும்.

அதனால், "சின்னப் பெட்டி, ஒரே நாளில் நூறு கிலோ காயும், கரண்டும் வேண்டாம்" என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கை எடுத்து முன்னால் வையுங்க. தண்ணீர் தானாகப் போகாது. அதற்கு வெயிலோ, விறகோ, கரண்டோ விலை கொடுத்தே ஆக வேண்டும்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு சூடு?

ஏலக்காய்: 45 முதல் 50 டிகிரி. கூடினால் பச்சை நிறம் போய்விடும், காய் வெடிக்கும். நாலைந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ காய்ந்த காய்.

மிளகு: 55 டிகிரி போதும், 60ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும். காயப்போடும் முன் சரத்திலிருந்து உதிர்த்த மிளகைக் கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் சீக்கிரம் காயும், ஒரே சீராகக் கறுக்கும், அழுக்கும் போகும். ஈரம் 11 சதவீதத்துக்கு வர வேண்டும்.

காப்பி: பழத்தோல் நீக்கிக் கழுவிய பார்ச்மெண்ட் கொட்டை என்றால் கொட்டையின் சூடு 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும். முதலில் மெதுவாகத்தான் காய வேண்டும். உச்சி வெயிலில் மூடி வைக்காவிட்டால் மேல்தோல் வெடிக்கும். ஈரம் 10 சதவீதத்துக்கு வந்தால் சரி. மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளற வேண்டும்.

புகையிலைக்குக் கடைசியில் 70 டிகிரி என்று பார்த்தோம். அந்தச் சூட்டில் நம் காப்பியை வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்க. ஆகவே எந்த உலர்த்தி வாங்கினாலும் வெப்பமானி இருக்கிறதா, சூட்டைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

காயாத காப்பியில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் ஓக்ராடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது சிறுநீரகத்துக்குக் கேடு, வறுத்தாலும் முழுசாகப் போகாது. வெளிநாட்டுக்குப் போகும் காப்பியில் இதைச் சோதிக்கிறார்கள். களத்து மண்ணில், சாணம் மெழுகிய தரையில் போடக்கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான். சாணம் நமக்குப் புனிதமாக இருக்கலாம், ஆனால் வாயில் போடும் மிளகுக்கு அது ஆகாது.

நமக்கு எது பொருந்தும்?

நம் ஊர்களின் பாதை எப்படி என்று நமக்குத் தெரியும். கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் ரோடு மழைக்காலத்தில் மண் சரிந்தால் அடைபட்டுப் போகிறது. உட்கிராமங்களுக்கும் பளியர் குடியிருப்புகளுக்கும் ஒற்றையடிப் பாதைதான். வெள்ளகவி மக்கள் காலம் காலமாகக் குதிரையிலும் தலையிலும்தான் சுமை கொண்டுபோனார்கள். அதனால் "தூக்கிப் போகும் உலர்த்தி" என்று சொன்னால் நம் கணக்கில் ஒன்றுதான் அர்த்தம்: பிரித்து, நாலு பேர் தலைச்சுமையாகக் கொண்டுபோக முடிய வேண்டும். லாரியில் ஏற்றும் தகரப் பெட்டி நமக்கு உதவாது.

முதல் வகை, கால் வைத்த தட்டு. மூங்கில் சட்டம், நைலான் வலை, மேலே பந்தல் போலப் பாலித்தீன் விரிப்பு. தரையிலிருந்து இடுப்பு உயரம். காற்று அடியிலும் ஓடும், கோழி கிளறாது, மழை வந்தால் ஒரு நிமிடத்தில் மூடலாம். நம் கையாலேயே செய்யலாம். உலர்த்தி வாங்காத குழுவும் இதை உடனே ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது, வெயில் பெட்டி. ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு, உள்ளே கறுப்புத் தட்டு, சோலார் பலகையில் ஓடும் சின்ன விசிறி. பிப்ரவரி, மார்ச்சில் மிளகுக்கு நன்றாக உதவும். நவம்பர், டிசம்பரில் காப்பி வரும்போது வடகிழக்கு மழை. அப்போது இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது, விறகு உலர்த்தி. அடுப்பு தனி, தட்டுப் பெட்டி தனி, நடுவில் குழாய். ஏலக்காய் ஸ்டோரின் குட்டித் தம்பி. மூட்டத்திலும் மழையிலும் வேலை செய்யும். புகைபோக்கி பெட்டிக்கு மேலே போக வேண்டும், குழாயில் ஓட்டை இருக்கக் கூடாது. ஓட்டை இருந்தால் காப்பியில் புகை நாற்றம் ஏறும், அடுப்புப் பக்கம் நிற்கும் நம் நெஞ்சிலும் ஏறும்.

நான்காவது, கரண்டில் ஓடும் தட்டு உலர்த்தி. சுத்தமானது, சூடு சீராக இருக்கும். ஆனால் நம் லைன் தாங்குமா, மழையில் கரண்டு நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் யோசனை என்னவென்றால், முதல் வகைத் தட்டுகளை எல்லாக் குழுவும் செய்யட்டும். வெயில் இருக்கும்வரை அதில் காயட்டும். மழை, மூட்டம் வரும்போதும், கடைசி ஈரத்தை எடுக்கவும் மூன்றாவது வகை உலர்த்தி ஒன்றை நாலைந்து குழுக்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். பாதி ஈரம் வெயிலில் போய்விட்டால் விறகும் பாதியாகக் குறையும்.

விறகு விஷயத்தில் ஒரு வார்த்தை. சிகரெட் புகையிலையில் ஒரு கிலோ காய்ந்த இலைக்கு நாலைந்து கிலோ விறகு எரிகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கொட்டகைகள் பெருகிய இடங்களில் சுற்றுக் காடு அதனால் அடி வாங்கியது. நம் ஊற்றுக்குத் தண்ணீர் தருவது சோலைக்காடு. காப்பி கவாத்துக் குச்சி, நிழல் மரத்தில் கழித்த கிளை, மிளகுச் சரக்கை, இவை மட்டும்தான் அடுப்புக்கு என்று தீர்மானம் போட்டுவிட்டுத்தான் உலர்த்தியைத் தொட வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய உலர்த்திக்கும், நறுமணப் பொருள் வாரியம் ஏலக்காய் உலர்த்திக்கும் மானியம் கொடுத்து வந்திருக்கின்றன. விகிதமும் விதியும் வருடத்துக்கு வருடம் மாறும். விண்ணப்பிக்கும் முன் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பிக்குத் தாண்டிக்குடியில் காப்பி வாரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மிளகு, ஏலம் போன்ற தோட்டப் பயிர்களுக்குத் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழக நிலையம் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்துக் கேட்பது நம் உரிமை.

பழைய புகையிலை உலர்த்தி வேண்டவே வேண்டாம்

புகையிலைக்கு ஓடிய பழைய உலர்த்தி பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீங்க. நிகோடின் ஒரு நஞ்சு. இலைத்தூளும் பிசினும் தட்டிலும் விசிறியிலும் ஒட்டிக்கிடக்கும். கழுவினாலும் முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. காப்பியும் ஏலக்காயும் பக்கத்தில் இருக்கும் வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும். ஒரு மூட்டையில் புகையிலை வாடை வந்தாலே மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொன்று. கீழே புகையிலை அறுப்புக்குக் கூலிக்குப் போகும் சகோதரிகள் நம்மில் உண்டு. பனி ஈரமோ மழை ஈரமோ இருக்கும் இலையைத் தொட்டால், கட்டிச் சுமந்தால், நிகோடின் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி, தலைவலி வரும். "வெயில் பித்தம்" என்று நினைத்து விட்டுவிடுகிறோம். இலை காய்ந்த பிறகு வேலையை ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்க. முழுக்கைச் சட்டை போடுங்க. ஈரமான துணியை உடனே மாற்றுங்க. சோப்புப் போட்டுக் கை கால் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலைக்கே போக வேண்டாம். வாயில் புகையிலை அதக்கும் வழக்கம் நம் கூட்டத்திலும் சிலருக்கு இருக்கிறது. உலகத்தில் வருடத்துக்கு 70 லட்சம் பேருக்கு மேல் புகையிலையால் சாகிறார்கள். அவர்கள் உலர்த்தும் வித்தையை எடுத்துக்கொள்வோம், அந்த இலையை விட்டுவிடுவோம்.

உலர்த்தி வாங்கினால் மட்டும் போதுமா?

இதுதான் இன்றைய பேச்சில் முக்கியமானது. கவனமாகக் கேளுங்க.

நாம் பச்சையாக விற்பதற்கு வெயில் இல்லாதது மட்டுமா காரணம்? இல்லை. பறித்த அன்றைக்கே காசு வேண்டும். பறிப்புக் கூலி கொடுக்க வேண்டும். அரிசி வாங்க வேண்டும். பலர் வியாபாரியிடம் பூப்பூக்கும் போதே முன்பணம் வாங்கியிருக்கிறோம். அவர் வந்து நின்றால் "நாலு நாள் பொறுங்க, காயவச்சுத் தர்றோம்" என்று சொல்ல வாய் வராது. இந்த நிலையில் எவ்வளவு நல்ல உலர்த்தி இருந்தாலும் அது சமுதாயக் கூடத்தில் தூசி படிந்துதான் கிடக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. விலை நாளுக்கு நாள் மாறும், இது விளங்கிக்கொள்ள மட்டும். பச்சை மிளகு கிலோ 150 ரூபாய் என்று வையுங்க. 100 கிலோவுக்கு 15,000 ரூபாய். காயவைத்தால் 33 கிலோ. கிலோ 600 ரூபாய் என்றால் 19,800 ரூபாய். வித்தியாசம் 4,800. விறகு, ஆள், உலர்த்தி வாடகை எல்லாம் சேர்த்து 1,500 போனாலும் 3,300 ரூபாய் கையில் நிற்கும். எளிதாக ஞாபகம் வைக்க ஒரு வழி: பச்சை விலையை மூன்றால் பெருக்குங்க. காய்ந்த விலை அதைவிட எவ்வளவு கூடுதலோ, அதில் செலவு போக மிச்சம் நம்முடையது. கூடுதல் இல்லை என்றால் அன்றைக்குப் பச்சையாகவே விற்பதுதான் புத்திசாலித்தனம்.

அந்த 3,300ஐ எடுக்க நமக்குத் தடையாக நிற்பது ஐந்தாறு நாள் பணம். அதைக் குழுதான் கொடுக்க வேண்டும். பச்சைச் சரக்கை உலர்த்திக் கொட்டகையில் எடை போட்டு ரசீது வாங்கியதும், அதன் பச்சை மதிப்பில் பாதியை, அதாவது 7,500 ரூபாயை, உறுப்பினருக்குச் சரக்குக் கடனாகக் கொடுக்கலாம். 15 நாளில் விற்றுக் கட்ட வேண்டும். மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்று வைத்தால் 37 ரூபாய் 50 காசுதான் ஆகிறது. வியாபாரியின் முன்பணத்துக்கு நாம் விலையில் இழப்பதோடு இதை ஒத்துப் பாருங்க.

ஆகவே கூட்டமைப்புக்கு நாங்கள் சொல்வது இதுதான்: நிதி முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். ஒரு பங்கு உலர்த்திக்கு, இன்னொரு பங்கு சரக்குக் கடனுக்கு. இரண்டில் ஒன்று மட்டும்தான் முடியும் என்றால் கடனுக்கு முதலில் வையுங்கள். தட்டில் காயவைத்தாவது ஆரம்பித்துவிடலாம்.

பொதுச் சொத்துக்குப் பொது விதி

ஊர்ப் பொதுச் சொத்து என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். யார் வீட்டுப் பக்கம் இருக்கிறதோ அவர் சொத்தாகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க, வாங்கும் முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியவை:

1. முறை வரிசை பறித்த தேதிப்படி. தலைவி வீட்டுச் சரக்குக்கும் அதே வரிசை.

2. சின்னச் சரக்குக்கும் இடம் உண்டு. 10 கிலோ கொண்டுவரும் சகோதரிக்கு "அளவு பத்தாது" என்று சொல்லக் கூடாது. ஆளுக்கொரு தட்டு, தட்டில் பெயர்ச் சீட்டு.

3. உள்ளே போகும் எடை, வெளியே வரும் எடை, சூடு, நேரம், விறகு எல்லாம் ஒரே நோட்டில். எழுதத் தெரியாதவர் சரக்கைப் படித்த பிள்ளை எழுதி, அவர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

4. வாடகை கிலோ கணக்கில். அதில் ஒரு பங்கு பழுது நிதி, தனியாக வங்கியில்.

5. இரவு தீ காக்க இரண்டு பேர், கூலியோடு. தனியாக ஒருத்தரும் காக்கக் கூடாது.

6. தூக்கிப் போகும் போது உடைந்தால் யார் பொறுப்பு என்பது முதலிலேயே பேசப்பட வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க ஈரப்பதமானி வாங்குவது நல்லது. அதுவரை ஒரு எளிய வழி: ஒரு கிலோ பச்சை மிளகைச் சின்ன வலைப்பையில் கட்டி அதே தட்டில் வையுங்க. இடையிடையே எடை போடுங்க. 330, 340 கிராம் பக்கம் வந்தால் ஏறத்தாழக் காய்ந்தது. கொடி ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். இரண்டு மணி நேரமாக எடை குறையாமல் நின்று, பல்லில் கடித்தால் நொறுக்கென்று உடைந்தால் எடுத்துவிடலாம். சூடு ஆறிய பிறகே சாக்கில் கட்ட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு

ஒவ்வொரு குழுவும் மூன்று விஷயம் எழுதிக் கொண்டுவாங்க. போன பருவத்தில் நம் குழுவில் எத்தனை கிலோ மிளகு, காப்பி பச்சையாக விற்றோம்? எத்தனை பேர் முன்பணம் வாங்கியிருக்கிறோம், எவ்வளவு? நம் ஊருக்கு நாலு பேர் சுமை எதுவரை போகும்? இந்த மூன்றும் கையில் இருந்தால்தான் எத்தனை உலர்த்தி, எவ்வளவு கடன் நிதி என்று முடிவு செய்ய முடியும். வாங்குவதா வேண்டாமா என்பதை நாங்கள் சொல்லப் போவதில்லை. கணக்கை வைத்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள் பெரியவர்கள். நம் மலையில் காற்றும் வெயிலும் சொல்லி வருவதில்லை. அவை வராத நாளுக்கும் ஒரு ஏற்பாடு நம் கையில் இருக்கட்டும்.